அலுவலகத்து சிடிக்களை நெட்வொர்க்கில் எல்லோருக்கும் திறந்துவிட ஒரு முழுமையான வழிகாட்டி

வக்கீல் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி நூலகம், எங்கே போனாலும் பீரோவில் ஒரு தட்டு நிறைய சிடி இருக்கும். பழைய தீர்ப்புத் தொகுப்புகள், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகள், இயந்திர உதிரிபாகப் பட்டியல்கள், புத்தகத்தோடு வந்த சிடிக்கள். இவற்றில் பல இணையத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் வருடா வருடம் சந்தா கட்டச் சொல்வார்கள். ஆனால் புதிதாக வாங்கும் கணினியில் சிடி டிரைவே இருப்பதில்லை. டிரைவ் இருக்கிற ஒரே பழைய கணினிக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் இதைச் சரிசெய்துவிடலாம், பெரும்பாலும் காசு செலவில்லாமல்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். நெட்வொர்க்கில் பகிர வேண்டியது சிடி டிரைவை அல்ல, சிடியின் உள்ளடக்கத்தை. டிரைவைப் பகிர்வது சுலபம்தான்: டிரைவை வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்", "ஷேரிங்", "அட்வான்ஸ்டு ஷேரிங்" என்று போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் ஒரு முறை ஒரு கோப்பை எடுக்க வேண்டும் என்றால் அது போதும். தினசரி வேலைக்கு அது சரிப்படாது. சிடி டிரைவின் லேசர் வட்டில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் எடுக்கும், ஹார்டு டிஸ்க்குக்கு அது 10 மில்லிசெகண்ட் அளவுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திறந்தால் லேசர் அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போய்விடும், மூன்று பேர் என்றால் எல்லோருக்குமே திரை உறைந்தது போல இருக்கும். சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் வட்டு சுற்றுவதை நிறுத்திவிடும், மறுபடி வேகம் பிடிக்கச் சில விநாடிகள். யாராவது வேறு சிடியைப் போட்டுவிட்டால் அடுத்த அறையில் இருப்பவருக்குப் பிழைச் செய்தி.

வேகக் கணக்கையும் பாருங்கள். சிடியின் அடிப்படை வேகம், அதாவது 1 எக்ஸ், விநாடிக்கு 150 கிலோபைட். 52 எக்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது வட்டின் வெளி விளிம்பில் மட்டும் கிடைக்கும் உச்சம், ஏறக்குறைய 7.8 மெகாபைட். பழைய 100 மெகாபிட் நெட்வொர்க்கே விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் தரும், கிகாபிட் நெட்வொர்க் 110 மெகாபைட் வரை போகும். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் நகல், பக்கத்தில் சுற்றும் அசல் சிடியைவிட வேகமாகத் திறக்கும். இடம்? ஒரு சிடிக்கு அதிகபட்சம் 700 மெகாபைட், நூறு சிடி இருந்தாலும் 70 கிகாபைட்தான்.

உரிமம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தாண்டிப் போக வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52(1)(ஏஏ), முறையாக வைத்திருப்பவர் கணினி நிரலை எந்த நோக்கத்துக்கு வாங்கினாரோ அதற்குப் பயன்படுத்தவும், தொலைந்துபோகாமலும் சேதமாகாமலும் இருக்க மாற்று நகல் எடுத்துவைக்கவும் இடம் தருகிறது. ஒரு நபர் உரிமம் வாங்கிவிட்டுப் பத்துப் பேர் திறப்பதற்கு அது அனுமதி ஆகாது. சிடியோடு வந்த காகிதத்தை எடுத்துப் படியுங்கள். பல தரவுத்தள சிடிக்களைத் தனிநபருக்கு ஒரு விலை, லேன் நெட்வொர்க்குக்கு வேறு விலை என்றுதான் விற்றார்கள். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

சிடியைக் கோப்பாக மாற்றுவது

சிடியின் முழு உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாக எடுப்பதைத்தான் இமேஜ் எடுப்பது என்கிறோம், கோப்பின் வகை ஐஎஸ்ஓ. விண்டோஸில் இதற்கு இமேஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். 2013-இல் வந்த 2.5.8 பதிப்புக்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சில தளங்களில் அதன் நிறுவல் கோப்போடு தேவையில்லாத விளம்பர மென்பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதனால் நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, வேண்டாததை நீக்கிவிட்டுப் போங்கள்.

சிடியைப் போடும் முன் நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு ஓட்டையிலிருந்து வெளியே ஓடும் விரிசல் இருந்தால் போடவே போடாதீர்கள், அதிவேகத்தில் சுற்றும்போது வட்டு டிரைவுக்குள் சிதறிவிடும். தூசியோ கைரேகையோ இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தரவு ஓடும் பாதையிலேயே நீளக் கீறல் விழும், பிழை திருத்தும் முறையால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் சின்னக் கீறல் அவ்வளவு பாதிக்காது.

இமேஜ்பர்னில் "கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும் வேகத்தை 16 எக்ஸ் அல்லது அதற்கும் கீழே வையுங்கள். பழைய வட்டுகளை மெதுவாகப் படிக்கும்போது பிழைகள் குறையும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது, பின்னால் யாராவது தேடினால் புரிகிற மாதிரி சிடியின் பெயர், ஆண்டு, வட்டு எண் மூன்றையும் சேர்த்து, இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள். சிடியில் பாட்டுத் தடங்களும் கலந்திருந்தால் ஐஎஸ்ஓ போதாது, பின் (.bin), கியூ (.cue) என்ற ஜோடிக் கோப்புகளாக அந்த மென்பொருளே எடுத்துக்கொடுக்கும்.

எடுத்த நகல் சரிதானா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் செவன்-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பை வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிடலாம், அது கோப்பின் கைரேகை மாதிரி. முக்கியமான சிடி என்றால் இரண்டு முறை படித்து, முடிந்தால் இரண்டாவது முறை வேறு டிரைவில் படித்து, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் நிம்மதி. அந்த எண்ணை ஒரு உரைக் கோப்பில் சேமித்து ஐஎஸ்ஓ பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

படிக்க மறுக்கும் வட்டுகள் நிச்சயம் இருக்கும், குறிப்பாக வீட்டிலோ கடையிலோ எழுதிய சிடி-ஆர் வகை. அதில் தரவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயிலும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப்போகும், நம் ஊர் தட்பவெப்பத்தில் மூடாத அலமாரியில் பல வருடம் கிடந்த வட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்கு லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ அருமையான கருவி. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப முயற்சிக்கும், எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். அதே வரைபடக் கோப்போடு வட்டை இன்னொரு டிரைவில் போட்டால், விட்டுப்போன பகுதிகளை மட்டும் அங்கே முயற்சிக்கும். ஒரு டிரைவால் படிக்க முடியாததை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். தொகுதி அளவை 2048 பைட் என்று கொடுக்க மறக்காதீர்கள், தரவு சிடியின் ஒவ்வொரு பிரிவிலும் பயனருக்கான இடம் அவ்வளவுதான்.

கடைசி இரண்டு பிரிவுகளில் மட்டும் பிழை என்று வந்தால் பயப்பட வேண்டாம். தடம் தடமாக எழுதப்பட்ட சிடி-ஆர் வட்டுகளின் இறுதியில் உள்ளடக்கம் இல்லாத இரண்டு பிரிவுகள் இருக்கும், அவற்றைப் படிக்க முடியாதது இயல்பு.

எந்தக் கணினியில் வைப்பது

பத்துக் கணினிக்குத் தனி சர்வர் வாங்க வேண்டாம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி போதும். விண்டோஸ் 10, 11 சாதாரணப் பதிப்புகளில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் அனுமதி, அதற்கு மேல் தேவைப்பட்டால் லினக்ஸும் சாம்பாவும் (லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு பகிரும் மென்பொருள்) போட்ட கணினியோ, நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் நேரடியாக இணைக்கும் சேமிப்புச் சாதனம்) வைத்துக்கொள்ளலாம். சினாலஜி, க்யூநாப் போன்ற பல நாஸ் பெட்டிகளில் ஐஎஸ்ஓ கோப்பை நேரடியாக ஒரு ஃபோல்டர் போலத் திறந்துகாட்டும் வசதியே இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு ஐஎஸ்ஓ-வையும் படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதாவது சிடி போலத் திறந்துவைத்து, தொடக்கத்தில் எவற்றை மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் மின்சாரம் போய் வந்தாலும் தானாக மவுன்ட் ஆகிவிடும்.

விண்டோஸில் இந்த இடத்தில் கவனம் தேவை. விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ-வை இரட்டைக் கிளிக் செய்தாலே ஒரு டிரைவாகத் திறக்கும், உடனே அந்த டிரைவைப் பகிர்ந்துவிடலாம் என்று தோன்றும். கணினியை மறுபடி தொடங்கினால் அந்த டிரைவ் மறைந்துவிடும், திங்கட்கிழமை காலை யாருக்கும் எதுவும் திறக்காது. அதனால் விண்டோஸ் கணினியை வைத்துச் செய்பவர்கள் இரண்டு ஃபோல்டர் வையுங்கள். ஒன்றில் ஐஎஸ்ஓ கோப்புகள். இன்னொன்றில், செவன்-ஜிப்பால் பிரித்தெடுத்த உள்ளடக்கம், ஒவ்வொரு சிடிக்கும் ஒரு துணை ஃபோல்டர். இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், பரவாயில்லை. ஃபோல்டர் பெயர்களைச் சுருக்கமாக வைத்தால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

பகிர்வது

அந்தக் கணினியில் சிடிக்களைப் படிப்பதற்கென்றே ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, கடவுச்சொல் வையுங்கள். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகல் முன்பு சுலபமாக வேலை செய்தது, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ப்ரோவில் அது தொடக்கத்திலேயே மறுக்கப்படுகிறது. விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கைவைத்து அதைத் திறந்துவிடச் சொல்லும் யோசனைகள் கிடைக்கும், வேண்டாம். கணக்கு ஒன்று உருவாக்குவது ஐந்து நிமிட வேலை.

அப்புறம் அந்த இரண்டு ஃபோல்டர்களையும் உள்ளடக்கிய மேல் ஃபோல்டரை வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்", "ஷேரிங்", "அட்வான்ஸ்டு ஷேரிங்". "ஷேர் திஸ் ஃபோல்டர்" பெட்டியில் டிக் போட்டு, "பர்மிஷன்ஸ்" உள்ளே "எவ்ரிஒன்" என்பதை எடுத்துவிட்டு, புதிய கணக்கைச் சேர்த்து "ரீட்" மட்டும் கொடுங்கள். "செக்யூரிட்டி" பக்கத்திலும் அதே கணக்குக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி. இரண்டு இடத்து அனுமதியில் எது கடுமையோ அதுதான் செல்லும், அதனால் ஒரு பக்கத்தை மறந்தால் "அனுமதி இல்லை" என்ற செய்திதான் வரும். எழுத அனுமதி எதற்கும் கொடுக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் ஒரு கணினியில் புகுந்தால், எழுத அனுமதி இருக்கும் பகிர்வுகளையும் தின்றுவிடும்.

நெட்வொர்க் "பிரைவேட்" என்று அமைந்திருக்கிறதா, ஃபயர்வாலில் "ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்" திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீப் நிலையை அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் இந்தக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது, அதற்கு மட்டும் பகிர்வு தெரியவில்லை என்றால், காரணம் எஸ்எம்பி-1. எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய பகிர்வு மொழி அது ஒன்றுதான். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை வைரஸ் அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை நிறுவாமலே கொடுக்கிறார்கள். ஒரு எக்ஸ்பி கணினிக்காக அதை மறுபடி திறந்துவிடாதீர்கள். அந்தக் கணினிக்கு வேண்டிய சிடியை அதிலேயே நேரடியாகப் போட்டுப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு மேசையிலும் செய்ய வேண்டியது

"திஸ் பிசி" திறந்து, "மேப் நெட்வொர்க் டிரைவ்" தேர்ந்தெடுத்து, ஓர் எழுத்தைக் கொடுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்து இருக்கட்டும், குறுக்குவழிகளை நகலெடுத்துக் கொடுக்க வசதி. ஃபோல்டர் பாதையில் இரண்டு பின்சாய்வு, சர்வர் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வு, பகிர்வின் பெயர். "ரீகனெக்ட் அட் சைன்-இன்" டிக் செய்து, சற்றுமுன் உருவாக்கிய கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் முடிந்தது. பிடிஎஃப், எக்செல், படங்கள் இருக்கும் சிடி என்றால் இதோடு வேலை முடிந்தது.

மென்பொருளோடு வந்த சிடிக்களில்தான் சிக்கல் தொடங்கும். சில நிரல்கள் தங்கள் கோப்புகளை டிரைவின் முதல் மட்டத்திலேயே தேடும், துணை ஃபோல்டரில் இருந்தால் கண்டுபிடிக்காது. அப்படிப்பட்ட சிடிக்கு, பொதுப் பகிர்வை விட்டுவிட்டு, அந்த சிடியின் துணை ஃபோல்டர் வரை பாதையைக் கொடுத்துத் தனி எழுத்தில் மேப் செய்யுங்கள். சில நிரல்கள் நிறுவியபோது இருந்த சிடி டிரைவின் எழுத்தை ஒரு ஐஎன்ஐ (.ini) அமைப்புக் கோப்பில் எழுதிவைத்திருக்கும், நோட்பேடில் திறந்து எழுத்தை மாற்றினால் போதும்.

நிறுவும்போது இன்னொரு சிக்கல் வரும். மேப் செய்த டிரைவிலிருந்து நிறுவல் கோப்பை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று ஓட்டினால், "அப்படி ஒரு டிரைவே இல்லை" என்று சொல்லும், எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் கண்ணெதிரே தெரிந்துகொண்டிருக்கும்போதே. சாதாரண உரிமையில் மேப் செய்த டிரைவ் நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்குத் தெரியாது, விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு அப்படி. ஃபோல்டரைக் கணினிக்கு நகலெடுத்து அங்கிருந்து நிறுவுங்கள்.

"சிடியைப் போடுங்கள்" என்று அடம்பிடிக்கும் நிரல்கள், டிரைவ் உண்மையிலேயே சிடி வகைதானா, வட்டின் லேபிள் பெயர் சரியா என்று பார்க்கும். மேப் செய்த டிரைவை விண்டோஸ் நெட்வொர்க் டிரைவ் என்றே சொல்லும், அதனால் இவை ஏமாறாது. இவற்றுக்கு ஐஎஸ்ஓ-வை அந்தந்தக் கணினியிலேயே மவுன்ட் செய்ய வேண்டும். விண்டோஸின் சொந்த வசதி கணினியை மறுபடி தொடங்கும்வரைதான் நிற்கும். தினமும் தேவை என்றால் வின்சிடிஇமு என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைப் போடுங்கள், மறுதொடக்கத்துக்குப் பிறகும் டிரைவை வைத்திருக்கும் தேர்வு அதில் உண்டு. பாட்டுத் தடம் கலந்த சிடிக்களையும் கியூ கோப்பு வழியாகத் திறக்கும். இப்படிச் செய்யும்போது ஐஎஸ்ஓ-வை நெட்வொர்க்கில் வைத்து மவுன்ட் செய்வதைவிட உள்ளே நகலெடுத்துக்கொள்வது நல்லது. காலையில் கணினி எழும் நேரத்தில் நெட்வொர்க் இன்னும் தயாராகாமல் இருந்தால் மவுன்ட் தோற்றுவிடும்.

டாங்கிள் (கணினியில் செருகும் சிறு உரிமச் சாதனம்) கேட்கும் மென்பொருளுக்கு இவை எதுவும் உதவாது, டாங்கிள் செருகிய கணினியில்தான் ஓடும். நெட்வொர்க் டாங்கிள் கிடைக்குமா என்று வெளியீட்டாளரிடம் கேளுங்கள்.

திறந்தும் வேலை செய்யாதவை

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் போகும். நெட்வொர்க் மீது பழி போடுவார்கள், உண்மையில் சிடியின் வயதுதான் காரணம்.

சிஎச்எம் வகை உதவிக் கோப்பை நெட்வொர்க்கிலிருந்து திறந்தால், இடப்பக்கம் பொருளடக்கம் அழகாக வரும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் அல்லது பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று சொல்லும். கோப்பு கெட்டுப்போகவில்லை. 2005-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு நெட்வொர்க்கில் இருக்கும் சிஎச்எம் கோப்புகளின் பக்கங்கள் திறக்காது. கோப்பை அந்தக் கணினிக்கு நகலெடுத்தால் உடனே வரும், அப்போதும் வராவிட்டால் ப்ராப்பர்ட்டீஸில் "அன்பிளாக்" டிக் செய்யுங்கள். அதைவிடப் பழைய எச்எல்பி வகை விண்டோஸ் 10-இலேயே திறக்காது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பி உருவாக்கிய சிடிக்களை எட்ஜ் உலாவியின் ஐஇ முறையில் திறந்து பாருங்கள், தேடல் பெட்டி ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய உலாவித் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டிருந்தாலும் பல நேரம் வேலை செய்யும். ஃபிளாஷில் செய்யப்பட்டிருந்தால் கஷ்டம், 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது.

1990-களின் சிடிக்களில் நிறுவல் நிரலே 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. இதற்கு ஒரே நல்ல வழி, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உரிமம் உள்ள ஒரு பழைய 32-பிட் விண்டோஸை நிறுவி, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஐஎஸ்ஓ-வை அதன் சிடி டிரைவில் இணைப்பது. அதற்குள் அது உண்மையான சிடி என்றே தெரியும், லேபிள் சோதனையும் தானாகவே தேறிவிடும்.

தமிழ் உள்ளடக்கம் இருக்கும் பழைய சிடிக்களைத் திறந்தால் எழுத்துகள் குழம்பிய குறிகளாகத் தெரியலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப், இன்னும் நிறுவனத்துக்கு ஒன்றாகப் பல குறியீடுகள் புழங்கின. சர்வரில் எழுத்துருவை நிறுவினால் போதாது, அது ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் சிடியிலேயே எழுத்துருக்களுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை எல்லா மேசையிலும் நிறுவுங்கள். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்தும் உரை என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைத் தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அப்புறம் விண்டோஸ் தேடலிலேயே தமிழில் தேடலாம்.

பராமரிப்பு

காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு வரும் சிடிக்களைப் பழைய ஃபோல்டரின் மேலேயே எழுதாதீர்கள். பழைய பதிப்பில் இருந்து புதியதில் நீக்கப்பட்டவை ஒன்றோடொன்று கலந்து தேடல் குழம்பிவிடும். புதிய ஃபோல்டரில் பிரித்து, சோதித்து, பிறகு பெயரை மாற்றுங்கள். மாற்றும்போது "கோப்பு பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், "கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்" உள்ளே "ஷேர்டு ஃபோல்டர்ஸ்", "ஓப்பன் ஃபைல்ஸ்" பட்டியலில் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று தெரியும். அவரிடம் சொல்லி மூடச் செய்யுங்கள், நீங்களாகத் துண்டித்தால் அவர் பாதியில் விட்ட வேலை போய்விடும்.

ஐஎஸ்ஓ ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எஸ்எச்ஏ-256 எண்களைத் திரும்பக் கணக்கிட்டு உரைக் கோப்போடு ஒப்பிடுங்கள். அசல் சிடிக்களைத் தூக்கிப் போடாதீர்கள், உரிமத்துக்கு அவைதான் சான்று. உறையோடு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைத்து, உறையின் மேல் ஐஎஸ்ஓ கோப்பின் பெயரை எழுதிவிடுங்கள். வட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், தரவுப் படலம் லேபிள் பக்கத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது.